டெல்_டைமர் முதல் டைமர்_டிலீட் வரை: லினக்ஸ் கெர்னலில் ஒரு பெயர்மாற்றத்தின் வரலாறு

1994 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 1.0 பதிப்பு வெளிவந்தபோதே டெல்_டைமர் என்ற ஃபங்ஷன் அதில் இருந்தது. முடுக்கிவிட்ட டைமரை நேரம் வருமுன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அதன் வேலை. 2025 ஏப்ரலில் அந்தப் பெயர் மறைந்தது, டைமர்_டிலீட் நிலைத்தது. வேலையில் மாற்றமில்லை. அப்படியிருந்தும் பழைய பெயரை அகற்ற ஏன் தாமதமானது என்பதை முந்தைய ஒரு டைமர் மாற்றத்தோடு ஒப்பிட்டால் விடை தெரிகிறது.

பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகத்தை லினக்ஸ் உடைப்பதில்லை. உள் இடைமுகங்களுக்கோ அத்தகைய உறுதி கிடையாது. கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று இதை வெளிப்படையாகவே வாதிடுகிறது. ஆனால் பெயரை மாற்றுபவரே அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்தித் தர வேண்டும். 2025இல் சுமார் 4 கோடி வரிகளைத் தொட்டிருந்த மூலநிரலில் இது கையால் ஆகிற காரியமில்லை. காக்சினெல் என்ற கருவி இங்கே உதவுகிறது. சி மொழியின் இலக்கணம் அறிந்த கருவி அது. ஆகவே வெறும் எழுத்துகளை அல்லாமல், அழைப்பின் வடிவத்தையே தேடி மாற்றும். பிரெஞ்சில் அப்பெயருக்குப் பொறிவண்டு என்று பொருள். பூச்சி தின்னும் பூச்சி!

முந்தைய மாற்றம் 2017இல் நடந்தது. டைமரின் தரவு அமைப்பில், நேரம் வந்ததும் அழைக்கவேண்டிய ஃபங்ஷனின் முகவரியும் அதற்குத் தரவேண்டிய மதிப்பும் அருகருகே இருந்தன. நினைவகம் வழிந்து அந்த இடத்தில் எழுதிவிட்டால், தாக்குபவர் தான் விரும்பிய ஃபங்ஷனைத் தன் விருப்பப்படியான மதிப்போடு ஓடவைக்கலாம். கெர்னல் நிரலாளர் கீஸ் குக் முன்னின்று அந்த மதிப்பையே நீக்கினார். டைமரின் முகவரியே ஃபங்ஷனுக்குப் போனது. இப்புதிய முறையில் டைமரைத் தயார்செய்யும் டைமர்_செட்டப் 4.14இல் வந்தது. அடுத்த பதிப்பான 4.15இலேயே பழைய முறையின் இனிட்_டைமர், செட்டப்_டைமர் இரண்டும் போய்விட்டன.

டெல்_டைமரின் கதை வேறு. அதன் இணையான டெல்_டைமர்_சிங்க், டைமர் வேறொரு பிராசஸரில் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். ஆனால் காத்திருந்து நீக்கிய டைமரை வேறொரு பணி மறுபடி முடுக்கிவிட்டால்? டிரைவர் நினைவகத்தை விடுவித்த பிறகு அந்த டைமர் ஓடி, இல்லாத பொருளைத் தொடும். “நீக்கு” என்ற சொல் தராத வாக்குறுதியைப் பலரும் அதில் படித்துக்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு. ஸ்டீவன் ராஸ்டெட் தொடங்கி, தாமஸ் கிளைக்ஸ்னர் செப்பனிட்ட பேட்ச் வரிசை, 6.2 பதிப்பில் டைமர்_ஷட்டவுன் என்ற புதிய ஃபங்ஷனைத் தந்தது. அதன்பின் அந்த டைமரை யார் முடுக்கினாலும் அது எழாது. சில ஏ.ஆர்.எம். டிரைவர்கள் அதே பெயரைத் தம் உள்வேலைக்கு ஏற்கெனவே வைத்திருந்ததால், முதலில் அவற்றுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டியிருந்தது.

அதே வரிசையில்தான் டெல்_டைமர், டைமர்_டிலீட் ஆனது. நம்மூரில் தகப்பன் பெயரின் தலைப்பெழுத்து முன்னால் நிற்பதுபோல, டைமர் குடும்பத்து ஃபங்ஷன்கள் எல்லாம் டைமர்_ என்றே தொடங்கவேண்டும் என்பது கிளைக்ஸ்னரின் நோக்கம். பழைய பெயர் புதியதை அழைக்கும் மெல்லிய உறையாக விடப்பட்டது. புதிய நிரலில் பயன்படுத்தாதீர்கள் என்ற குறிப்போடு.

அந்த உறைதான் தாமதத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன். 2017இன் மாற்றத்தில் ஃபங்ஷனின் வகையே மாறியது; பழையதும் புதியதும் நெடுநாள் கூடிவாழ வழியில்லை, பாதுகாப்பு என்ற நெருக்கடியும் இருந்தது. உறையோ யாருக்கும் தொல்லை தரவில்லை, கம்பைலர் முணுமுணுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் 6.2 வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்பே, காக்சினெல்லும் கைத்திருத்தமும் சேர்த்து, கிளைக்ஸ்னர் மூலநிரல் முழுவதையும் ஒரே கமிட்டில் மாற்றினார். 6.15இன் முதல் சோதனைப் பதிப்பான 6.15-ஆர்சி1க்குச் சற்று முன்பு அது சேர்ந்தது. மற்றவர்களின் பேட்ச்கள் பெரும்பாலும் உள்ளே வந்துவிட்ட நேரம் என்பதால் மோதல் குறைவு.

பழைய பெயரை அழைத்த, கெர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படும் டிரைவர்கள் அன்று கம்பைல் ஆகாமல் நின்றன. பெயர் மாறினால் பிழை உடனே தெரியும். பெயர் அப்படியே இருந்து பொருள் மாறினால்தான் ஆபத்து.

பெயர்மாற்றம் அத்தோடு நிற்கவில்லை. 2017 மாற்றத்தோடு புதிதாக வந்த ஃப்ரம்_டைமர் 6.16இல் டைமர்_கன்டெய்னர்_ஆஃப் ஆகிவிட்டது. இங்கோ மோல்னார் செய்த மாற்றம் அது. டைமரை முடுக்கும் ஆட்_டைமரும் மாட்_டைமரும் 6.16இலும் பழைய பெயரிலேயே இருந்தன.