லான்சியா பெட்டாவைத் தின்ற துரு

இத்தாலியின் லான்சியா நிறுவனத்தை 1969-ல் ஃபியட் வாங்கியது. அதன்பின் 1972-ல் வந்த புதிய கார்தான் லான்சியா பெட்டா. குடும்பத்தோடு போக வசதியான கார், ஓட்டமும் அருமை. பிரிட்டனில் பலர் விரும்பி வாங்கினார்கள்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. என்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டம் காரின் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்தது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க பிரிட்டன் சாலைகளில் உப்பு தூவுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் துரு இன்னும் வேகமாகப் பரவும். கதவில் துரு வந்தால் அழகுதான் போகும். இந்த இடம் இற்றுப் போனால் சட்டமே கழன்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

1980-ல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. பாதிக்கப்பட்ட கார்களை லான்சியாவே திரும்ப வாங்கிக்கொண்டது.

இத்தனைக்கும் சிக்கல் பெரும்பாலும் ஆரம்பகால கார்களில்தான். பிந்தைய கார்களில் அந்த இடத்தைப் பலப்படுத்தியிருந்தார்கள். ஆனால் மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை. லான்சியா என்றாலே துரு என்றாகிவிட்டது. அந்தக் கெட்ட பெயர் கடைசிவரை போகவில்லை. 1994-ல் லான்சியா பிரிட்டன் சந்தையை விட்டே வெளியேறியது.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல், கொஞ்சம் குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள்.