கோப்பு வேறு, தொகுப்பேடு வேறு

ஆசிரியர்களே, 2012இல் படிவம் 1 எடுத்தவர்களுக்கு அலமாரி நிறைய அடுக்கி வைத்த மாணவர் கோப்புகள் இன்னும் ஞாபகம் இருக்கும். மாணவர் தொகுப்பேட்டின் வரலாற்றைப் பார்த்தால், அந்தச் சிரமம் நமக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரியும்.

ஓவியர்கள் தங்கள் சிறந்த படைப்புகளைத் தொகுத்துக் காட்டுவது பழைய வழக்கம். 1980களில் அமெரிக்காவில் கட்டுரை எழுதக் கற்பித்த ஆசிரியர்கள் இதை வகுப்புக்குக் கொண்டு வந்தார்கள். முதல் வரைவும் திருத்திய வரைவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மாணவர் எப்படி வளர்ந்தார் என்று கண்ணுக்குத் தெரியும். வெறும் புள்ளி அதைச் சொல்லாது.

1990களின் தொடக்கத்தில், அங்குள்ள வெர்மான்ட் மாநிலம் 4ஆம், 8ஆம் வகுப்புகளில் கணிதத்துக்கும் எழுத்துக்கும் தொகுப்பேட்டை மாநில அளவிலான மதிப்பீடாக்கியது. ரேண்ட் ஆய்வு நிறுவனம் இதை ஆராய்ந்தது. ஒரே தொகுப்பேட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள் கொடுத்த புள்ளிகள் பல நேரம் ஒத்துப்போகவில்லை. ஆனால், தங்கள் கற்பித்தல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் பலர் சொன்னார்கள். பள்ளிகளை ஒப்பிட உதவாதது, கற்பிக்க உதவியது.

மலேசியாவில் பள்ளிசார் மதிப்பீடு 2011இல் ஆண்டு 1க்கும் 2012இல் படிவம் 1க்கும் வந்தது. சான்று சேகரிப்பது, கோப்பில் போடுவது, பேண்டைக் கணினியில் ஏற்றுவது என்று வேலை குவிந்தது. ஆசிரியர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, 2014இல் நடைமுறை எளிமையாக்கப்பட்டது. கோப்பை ஆசிரியரே நிரப்பினார். மாணவருக்கு அதில் பங்கே இல்லை. நான் பார்த்தவரை, கோளாறு அங்கேதான்.

2021இல் யு.பி.எஸ்.ஆர்., 2022இல் பிடி3 இரண்டும் நிறுத்தப்பட்டன. இப்போது இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவரின் வளர்ச்சியைச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் நம் கையில்தான்.

என் வகுப்பில் ஒவ்வொருவரும் மூன்று படைப்புகளை மட்டும் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒரு மாணவி தனக்கு ஆகக் குறைந்த புள்ளி கிடைத்த கட்டுரையை வைத்திருந்தாள். ஏம்மா என்று கேட்டேன்.

"இதுலதான் டீச்சர், நான் பத்தி பிரிக்கக் கத்துக்கிட்டேன்."

எந்தப் பேண்டும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, சிவப்பு மையால் திருத்திய கட்டுரையைத் தூக்கிப் போடாதீர்கள். அதையே மறுபடியும் எழுதி, இரண்டையும் சேர்த்து வையுங்கள். உங்கள் தொகுப்பேடு அங்கே தொடங்குகிறது.