களப்போரக் காணியில் நீச்சல் தடாகம்: மாம்புரி மணலும் அனுமதிச் சட்டமும்

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டு மாம்புரியில் காணி வாங்கி, விடுதியோ வார இறுதி வீடோ கட்டி, பக்கத்தில் ஒரு நீச்சல் தடாகமும் அமைக்க நினைப்பவர் யாரிடம் அனுமதி பெறவேண்டும், எவ்வளவு கடுமையான மதிப்பீட்டுக்கு உட்படவேண்டும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று கரையிலிருந்து காணிக்குள்ள தூரம். மற்றது விடுதியின் அறைகளின் எண்ணிக்கை. இவ்விரண்டும் அலை, அரிப்பு, கூட்டம் ஆகியவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. கற்பிட்டிக் குடாநாடு போன்ற மணல்நிலத்தில் ஒரு தடாகம் செய்யக்கூடிய தீங்கு பக்கவாட்டில் கரையை நோக்கிப் போவதைவிட நேர்கீழாக, ஊரார் குடிக்கும் நன்னீரை நோக்கியே அதிகம் போகிறது. ஆகவே இன்றுள்ள அனுமதி முறை தவறான திசையில் அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலம். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே சில கிலோமீற்றர் அகல மணற்பரப்பு: இதுவே மாம்புரியும் நுரைச்சோலையும் ஆலங்குடாவும் இருக்கும் தரை. இங்கே ஆறு இல்லை. மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையாகத் தங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்று இலேசானது என்பதே அது மிதக்கக் காரணம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபனும், 1901 இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விகிதம் இதை நன்றாக விளக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். நிலத்தடி நீர்மட்டம் நிரந்தரமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால், சமநிலை எட்டும்போது உவர்நீர் 4 மீற்றர் மேலேறியிருக்கும்.

இந்த வில்லையை நம்பித்தான் இங்கே சின்ன வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. ஆழமற்ற கிணறு, ஒரு மோட்டர், ஸ்பிறிங்ளர்: இதுவே குடாநாட்டுத் தோட்டத்தின் அமைப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் இப்பகுதியிற் குடியமர்ந்ததன் பின் கிணறுகளும் பெருகின. தோட்டங்கள் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. மணலில் இட்ட உரம் கரைந்திறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருவது 1980களிலிருந்து ஆய்வாளர்கள் பதிவு செய்துவரும் விடயம். ஆக, தடாகம் வந்து கெடுப்பதற்கு முன்பே நலிந்திருந்த நீர் இது. புதிய சுமை ஒவ்வொன்றும் அந்த நலிவின்மேல்தான் ஏறுகிறது.

இனிச் சட்டம். 1981 இன் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டின் சராசரியிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றரையும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக்கியது. கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு முதலியவற்றுக்கு வேறொரு கணக்கு வைக்கப்பட்டது: அவற்றின் இயற்கை வாயின் இருமுனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து செங்குத்தாக 2 கிலோமீற்றர் உள்ளே வரை. சிறிய கழிமுகத்துக்கு இது பொருந்தும். புத்தளம் களப்புக்கு எப்படிப் பொருந்தும்? அதன் வாய் வடக்கே, கற்பிட்டிக்கும் அப்பால். மாம்புரிப் பக்கத்துக் களப்புக் கரை அவ்வாயிலிருந்து இருபது கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே கிடக்கிறது. எனவே ஏறத்தாழ முப்பதாண்டுகள், இந்த ஊரின் மேற்குக் கரை வலயத்துக்குள்ளும் கிழக்குக் கரையின் நிலம் வெளியிலும் இருந்தன. ஒரே ஊரின் இரண்டு நீர்விளிம்புகளைச் சட்டம் இரண்டு விதமாக நடத்தியது. 2011 இன் 49 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் இத்தகைய நீர்நிலைகளின் சுற்றுவட்டத்தில் 100 மீற்றர் நிலத்தையும் சேர்த்து இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

வலயத்துக்குள் வந்துவிட்டால் சட்டம் பலமானதே. கரையோரம் பேணல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரமின்றி எவ்வித அபிவிருத்திச் செயற்பாட்டிலும் ஈடுபட 14 ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கட்டடங்களும் வேலைகளும் அமைத்தல், கழிவை வெளியேற்றுதல், மணலை அகற்றுதல், தோண்டுதல், நிரப்புதல் ஆகிய யாவும் அச்செயற்பாட்டின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும். நீச்சல் தடாகம் இவற்றுள் ஒன்றல்ல, ஏறக்குறைய எல்லாமுமாகும்: மணல் அள்ளப்படுகிறது, கொங்கிறீற் இடப்படுகிறது, கழிவு நீர் வெளியேறுகிறது. வலயத்தின் உறுதிக்கோ உற்பத்தித் திறனுக்கோ சுற்றாடல் தரத்துக்கோ பாதகம் விளையுமானால் அனுமதி வழங்கலாகாது என்று 15 ஆம் பிரிவு கூறுகிறது. வேண்டுமானால் 16 ஆம் பிரிவின்கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் பணிப்பாளர் நாயகம் கோரலாம். இவ்வளவு அதிகாரம் இருக்க, குறை எங்கே?

நடுவில் இருக்கிறது. கடற்பக்கம் 300 மீற்றர், களப்புப் பக்கம் 100 மீற்றர் போக, எஞ்சிய அகலம் முழுவதும் கரையோர வலயத்துக்கு வெளியே கிடக்கிறது. நன்னீர் வில்லை மிகத் தடித்திருப்பதும், மழைநீர் அதிகம் இறங்குவதும், தோட்டக் கிணறுகள் செறிந்திருப்பதும் அந்த நடுப்பகுதியிலேதான். அங்கே ஒரு தடாகம் தோண்டினால் விண்ணப்பம் பிரதேச சபைக்குப் போகும். பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியானால் 1978 இன் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேரும். அச்சட்டத்தின் அபிவிருத்தி வரைவிலக்கணம் காணியின் மீதும் மேலும் கீழும் செய்யப்படும் பொறியியல் வேலைகளை உள்ளடக்குவது; தடாகத்தை அதிலிருந்து யாரும் நழுவவிட முடியாது. ஆயினும் அந்த அனுமதியின் கண் இயல்பாகவே எல்லைச் சுவர், கட்டடக் கோடு, தரைவிகிதம் ஆகியவற்றில் பதிந்திருக்கிறது. பரிசீலனை அலுவலர் கையிலிருப்பது காணி வரைபடம். உவர்நீர் எத்தனை மீற்றரில் தொடங்குகிறது என்பதை எந்த வரைபடமும் அவருக்குச் சொல்வதில்லை.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் வலை இதைப் பிடிக்குமா? 1980 இன் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993 யூன் 24 இல் வெளியான 772/22 ஆம் இலக்க வர்த்தமானி, மதிப்பீடு தேவைப்படும் கருத்திட்டங்களைப் பட்டியலிட்டது. அதில் ஹோட்டல்களுக்கான வாசல் 99 அறைகளுக்கு மேல் அல்லது 40 ஹெக்டேயர். குடாநாட்டில் எழும் சிறு விடுதிகள் அந்த வாசலின் அருகே கூடப் போவதில்லை. பொது ஏரியொன்றின் உயர்வெள்ள மட்டத்திலிருந்து 100 மீற்றருக்குள், பட்டியலிலுள்ள கருத்திட்டம் எவ்வளவு சிறிதானாலும் மதிப்பீடு தேவை என்ற நல்ல விதி அதே வர்த்தமானியில் உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பது ஹோட்டல். ஏற்கெனவே உள்ள கட்டடத்துக்குப் பின்னால் சேர்க்கப்படும் தடாகம் தனிக் கருத்திட்டமாகப் பெயர் பெறவில்லை. ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற இலகு வழிக்கு ஒரு கருத்திட்டம் போனாலும், 2000 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் பொதுமக்கள் கருத்துக் கேட்பது அங்கே கட்டாயமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் விடயத்தை அறிவது, மண் அள்ளும் இயந்திரம் வரும்போதுதான்.

ஒரு சிறிய தடாகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று விடுதிக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, கணக்கும் முதலில் அவர் பக்கமே பேசுகிறது. 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்று கொண்டால் தடாகம் சுமார் 1 இலட்சம் லீற்றர் கொள்ளும். உலர் வலயத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வைத்தால் தினசரி இழப்பு 360 லீற்றர். மறுபுறம், அதே 5 மில்லிமீற்றரை ஓர் ஏக்கர் வெங்காயத்துக்கு இறைக்க நாளுக்கு 20,000 லீற்றர் வேண்டும். தடாகத்தை நிரப்பும் நீர் ஓர் ஏக்கர் தோட்டத்தின் ஐந்து நாள் பாசனம் மட்டுமே. நீரின் அளவை மட்டும் வைத்து வாதாடும் சுற்றாடல் எதிர்ப்பு இங்கே தோற்றுப்போகும், தோற்கவும் வேண்டும். ஆண்டெல்லாம் இறைக்கும் விவசாயியை விட்டுவிட்டு ஒருமுறை நிரப்புபவரைக் குறைசொல்வது ஆய்வாகாது.

கணக்கு மாறுவது, நீர் எப்படி எடுக்கப்படுகிறது, எப்படித் திரும்புகிறது என்று கேட்கும்போதே. ஆழமற்ற கிணறுகள் பரந்த பரப்பில் வில்லையின் மேற்பகுதியைச் சிறிது சிறிதாக வழித்தெடுக்கின்றன. தடாகத்தை இரண்டு நாளில் நிரப்ப விரும்புபவர் ஆழக் குழாய்க் கிணறு அடிக்கிறார். ஒரே புள்ளியில் வேகமாக உறிஞ்சும்போது கீழிருந்து உவர்நீர் கூம்பாக எழுகிறது. பம்பை நிறுத்தினாலும் அது எழுந்த வேகத்தில் இறங்குவதில்லை.

திரும்பும் நீர் இதைவிடக் கவலைக்குரியது. இன்று விடுதிகளில் விரும்பப்படுவது உப்புக் குளோரினேற்ற முறை. குளோரின் தூள் வாங்கும் தொல்லை இல்லை, கண் எரிவதும் குறைவு. அதற்குத் தடாக நீரில் லீற்றருக்கு 3 முதல் 4 கிராம் உப்புக் கரைந்திருக்கவேண்டும். நமது 1 இலட்சம் லீற்றர் தடாகத்தில் அது ஏறக்குறைய 350 கிலோ உப்பு. அதிலுள்ள குளோரைட்டு சுமார் 212 கிலோ. குடிநீரில் குளோரைட்டுக்கு வழமையாக வைக்கப்படும் உச்ச அளவு லீற்றருக்கு 250 மில்லிகிராம். அப்படியானால், ஒரு தடாகத்தை ஒருமுறை தோட்டத்துக்குள் திறந்துவிட்டால், குளோரைட்டு அறவே இல்லாத நீராயினும் சுமார் 850 கனமீற்றரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதிய உப்பு மணலுக்குள் இறங்குகிறது. வடிகட்டியைக் கழுவும் நீர் வாரந்தோறும் இதே வழியிற் போகிறது. களிமண் நிலத்தில் இது மெல்லப் பரவும். மணலுக்குத் தடுக்கும் இயல்பு குறைவு.

கட்டும்போதே நிகழும் ஒன்றையும் சேர்க்கவேண்டும். நீர்மட்டம் மேலோட்டமாக உள்ள இடத்தில் இரண்டு மீற்றர் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும். கொங்கிறீற் இறுகும்வரை இரவும் பகலும் இறைத்துக் கொட்டவேண்டும். கட்டிய பிறகும், வெறுமையான தடாகத்தை நிலத்தடி நீர் கப்பலைப்போல் மேலே தள்ளக்கூடும். அதனால் பராமரிப்புக்காகத் தடாகத்தைக் காலியாக்கும் ஒவ்வொரு தடவையும் சுற்றுவட்ட நீரை மீண்டும் இறைக்கும் தேவை எழலாம். கட்டட அனுமதி வரைபடத்தில் இந்த இறைப்புக்கு ஒரு கோடும் இல்லை.

பின்னால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குக் கேரளம் ஒரு விடை தருகிறது. வேம்பநாட்டுக் காயலில், ஆலப்புழை மாவட்டப் பாணாவள்ளி ஊராட்சிக்குட்பட்ட நெடியதுருத்துத் தீவில் எழுந்த கப்பிக்கோ விடுதியில் 54 வில்லாக்கள்; பலவற்றுக்குத் தனி நீச்சல் தடாகம். உள்ளூராட்சி அனுமதி இருந்தது. கரையோர ஒழுங்காற்று வலய அறிவித்தலை மீறியதாகக் கேரள உயர் நீதிமன்றம் 2013 இல் இடிக்கப் பணித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் அதை 2020 ஜனவரியில் உறுதிசெய்தது. இடிப்புத் தொடங்கியது 2022 இல். நீதி கிடைத்தது என்று மகிழலாம்; ஆனால் நீரில் ஊன்றிய கொங்கிறீற்றைப் பெயர்த்தெடுப்பதும் அதே காயலுக்கு இன்னொரு காயமே. இலங்கையிலும் பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில் 2008 இல் உயர் நீதிமன்றம் பொதுநம்பிக்கைக் கோட்பாட்டைப் பலமாக எடுத்துரைத்தது. பொதுத் தேவைக்கென எடுத்த காணி கோல்ஃப் மைதானமானபின் வந்த தீர்ப்பு அது. மாம்புரியில் சிறு தடாகம் ஒவ்வொன்றுக்கும் எதிராக யாரும் கொழும்புக்கு வழக்கெடுத்துப் போகப் போவதில்லை. போனாலும், உவர்ந்த கிணற்றைத் தீர்ப்பு இனிப்பாக்காது.

ஆகவே திருத்தம் அனுமதி நிலையிலேயே வேண்டும், புதிய சட்டமும் தேவையில்லை. குடாநாட்டின் நடுப்பகுதியிலும் தடாகத்தைத் தனி அபிவிருத்தி வேலையாகக் கொண்டு, கட்டட விண்ணப்பத்தோடு ஒரு கிணற்று அறிக்கையைப் பிரதேச சபை கோரலாம்: நீர்மட்டத்தின் ஆழம், நீரின் மின்கடத்துதிறன், அருகிலுள்ள கிணறுகளின் நிலை. உப்புக் குளோரினேற்றத்தை மணற்பகுதியில் மறுக்கலாம். வடிகட்டி கழுவிய நீரைக் கசியாத தொட்டியில் சேர்த்துப் பௌசரில் அகற்ற நிபந்தனை இடலாம். நிரப்பும் நீரும் வெளியிலிருந்து பௌசரில் வரட்டும் என்று சொல்வது எளிது. அது இன்னொரு ஊரின் கிணறாக இருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. கரையோர வலயத்துக்குள் இந்நிபந்தனைகளைப் பணிப்பாளர் நாயகம் இன்றைய அதிகாரத்திலேயே அனுமதிப்பத்திரத்தில் எழுதமுடியும்.

நிபந்தனை எழுதப்பட்டதா என்பதை 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அயலவர் கேட்டுப் பெறலாம். கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை அறிய மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும். சட்டைப்பையில் அடங்கும் அக்கருவியைக் கையாள விவசாயப் போதனாசிரியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அரைநாள் பயிற்சி போதும். அளந்த எண்களை யார், எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் வைப்பது என்பதைக் கற்பிட்டிப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் கூடித் தீர்மானிக்கவேண்டும். அடுத்த தடாக விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்போது அந்தப் பதிவேடு மேசையில் இருக்கவேண்டும்.