பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு (கோழித்தீவனம்)

கோழித்தீவனத்தில் சோயாப் பிண்ணாக்குக்கு ஓரளவு மாற்றாகச் சேர்க்கப்படும் தாவரப் புரதம். தோல் நீக்கி எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் புரதம் ஏறத்தாழ 40 விழுக்காடு. லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு என்பதால் அதைத் தனியே ஈடுசெய்ய வேண்டும்.

இதன் அளவைக் கட்டுப்படுத்துவது கோசிப்பால் என்னும் மஞ்சள் நிறமி. கட்டற்ற (புரதத்துடன் பிணையாத) கோசிப்பால் மிகுந்தால் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றும். முட்டைக்கோழிகளில் அது மஞ்சள்கருவின் இரும்புடன் சேர்வதால், சேமித்துவைத்த முட்டையை உடைத்தால் கரு பழுப்பேறிய பச்சையாக இருக்கும். எஞ்சிய எண்ணெயிலுள்ள சைக்ளோபுரோப்பீன் கொழுப்பு அமிலங்கள் வெள்ளைக்கருவை இளஞ்சிவப்பாக்கும்.

கோசிப்பாலின் தீங்கைத் தடுக்க உதவுவது, இரும்பு சல்பேட் என்னும் தாது உப்பு. இதிலுள்ள இரும்பு குடலிலேயே கோசிப்பாலைப் பிணைத்து, உடலில் சேராமல் தடுக்கிறது. ஒரு பங்கு கட்டற்ற கோசிப்பாலுக்கு இறைச்சிக்கோழித் தீவனத்தில் 1 முதல் 2 பங்கும், முட்டைக்கோழித் தீவனத்தில் 4 பங்கும் இரும்பு சேர்ப்பது வழக்கம்.