டேங்க் வேப்ஸ்

டேங்க் வேப்ஸ் என்பது அமெரிக்கக் கள்ளச்சந்தையில் விற்கப்பட்ட கஞ்சா எண்ணெய்க் குப்பிகளின் வணிகப் பெயர் ஆகும். வடகிழக்கு, தெற்கு மாநிலங்களில் இது மிகுதியாகப் புழங்கியது. இக்குப்பிகள் மின்கலத்தால் சூடாகும் ஆவிக்குழல்களில் பொருத்திப் புகைக்கப்பட்டன.

இப்பெயருக்கென்று மையமான உற்பத்தி நிறுவனம் எதுவும் கண்டறியப்படவில்லை. அச்சிட்ட வெற்று உறைகள் இணையத்தில் எளிதாகக் கிடைத்தன. விற்பவர்கள் அவற்றை வாங்கி, தத்தம் சரக்கை அடைத்து விற்றனர். எனவே உறை ஒன்றாக இருந்தாலும் உள்ளிருந்த எண்ணெய் ஒன்றாக இருக்கவில்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையில் இளைஞர் பலர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட 86 நோயாளிகளில் 57 பேர் இப்பெயரைக் குறிப்பிட்டனர். நவம்பரில், 10 மாநிலங்களைச் சேர்ந்த 29 நோயாளிகளின் நுரையீரல் நீர்மம் ஆராயப்பட்டது. அனைத்திலும் வைட்டமின் ஈ அசிட்டேட்டு இருந்தது. எண்ணெயின் கெட்டித்தன்மை குறையாமல் அளவைக் கூட்டிக்காட்ட இது கலக்கப்பட்டது. உணவிலும் தோல் பூச்சிலும் பொதுவாகத் தீங்கற்ற இப்பொருள், மூச்சுவழி சென்றபோது நுரையீரலைப் பாதித்தது.

2020 பிப்ரவரி 18 வரை, பல்வேறு பெயர்களில் விற்ற குப்பிகளால் பாதிக்கப்பட்டோர் 2,807 பேர் என்று பதிவாகியது. அவர்களுள் 68 பேர் இறந்தனர். ஒரு நிறுவனத்தின் பொருளாக இருந்திருந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லியிருக்கலாம். வெறும் உறையாக மட்டும் இருந்த பெயருக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.