ரூபாயும் பவுனும்

1871-இல் இங்கிலாந்தின் பவுன் ஒன்று சுமார் பத்து ரூபாய்க்குச் சமம். அதாவது ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங். பவுன் தங்கத்தைச் சார்ந்தது, ரூபாயோ வெள்ளி. ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்தை ஏற்கவே, வெள்ளி மலிந்தது. ரூபாயும் உடன் தாழ்ந்தது.

இந்திய சர்க்காரோ கடன் வட்டியையும் உத்தியோகஸ்தரின் உபகாரச் சம்பளத்தையும் லண்டனில் பவுனாகவே செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பவுனுக்கும் குடிகளிடமிருந்து அதிக ரூபாய் தண்ட நேர்ந்தது. 1893-இல், பொதுமக்கள் கொணரும் வெள்ளியை நாணயச் சாலைகள் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பின்னர் விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைபெற்றது. பவுனுக்கு 15 ரூபாய்.

1927-இல் சட்டம் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என வரையறுத்தது. சர்க்காரின் லண்டன் செலவு இலேசாயிற்று. ஆயின் ஒரு பவுனுக்குப் பருத்தி விற்றால் கிடைப்பது 15 ரூபாயன்று. 13 ரூபாய் 5 அணா 4 பையே. இதனாலேயே விசாரணைக் குழுவின் அங்கத்தினரான சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் 1926-லேயே பழைய விகிதத்தை வேண்டித் தனிக் குறிப்பெழுதினார். அது ஏற்கப்படவில்லை.

1966 ஜூன் 6-இல் பவுன் 21 ரூபாயாயிற்று. அம்முறை முடிவெடுத்தது சுதந்திர இந்தியாவின் அரசாங்கம்; நன்மை தீமைகளுக்கு ஜனங்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் அதுவே.