கணினி சரியாகத்தான் சொன்னது!

ராணுவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் ஒரு வரியில் வந்து முடிகிறது. "எவ்வளவு புத்திசாலி மெஷினாக இருந்தால் என்ன, கடைசி பட்டனை மனுஷன்தானே அழுத்தப் போறான்?" இதைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த டாபிக்குக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏன் என்று சொல்ல நான் பிறப்பதற்கெல்லாம் ரொம்ப முன்னால், 1988ஆம் வருடத்துக்குப் போக வேண்டும். (பி.காம் படிப்பவனுக்கு போர்க்கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கடைசியில் கொஞ்சம் கணக்குப் பாடமும் வரும், பொறுங்கள் :-) )

1980இல் ஆரம்பித்த ஈரான் - ஈராக் போர் எட்டாவது வருடத்தில் இருந்தது. இரண்டு நாடுகளும் ஒன்றின் எண்ணெய் வியாபாரத்தை மற்றொன்று கெடுக்க, பாரசீக வளைகுடாவில் போகிற டேங்கர் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தன. 1987இல் அமெரிக்கா உள்ளே நுழைகிறது. குவைத்தின் டேங்கர்களுக்கு அமெரிக்கக் கொடியை ஏற்றி, தன் போர்க்கப்பல்களைத் துணைக்கு அனுப்புகிறது. பெயருக்கு நடுநிலை. ஆனால் ஈராக்குக்கு யார் துணை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1987 மே 17 அன்று ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பலை ஏவுகணையால் அடித்து 37 மாலுமிகளைக் கொன்றது ஈராக் விமானம்! ஈராக் 'தவறுதலாக' என்றது, அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு கப்பல் தலைவர்களுக்குப் போன செய்தி ஒன்றுதான்: அடி வாங்கும் வரை காத்திருக்காதே, சந்தேகம் வந்தால் முந்திக்கொள். அடித்தது ஈராக், பயம் முழுக்க ஈரான் மேல். 1988 ஏப்ரலில் ஈரான் வைத்த கண்ணிவெடியில் இன்னொரு அமெரிக்கக் கப்பல் சிக்கியது. நான்கே நாளில் அமெரிக்கா பதிலடியாக ஈரானியக் கடற்படையை அடித்து நொறுக்கியது. இந்தச் சூட்டில்தான் வின்சென்ஸ் என்ற கப்பல் வளைகுடாவுக்கு வந்து சேர்கிறது.

வின்சென்ஸ் சாதாரணக் கப்பல் இல்லை. சுமார் நூறு கோடி டாலர் சமாச்சாரம். அதில் இருந்த ஏஜிஸ் என்ற கணினி அமைப்பு ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும். அதற்கு ரோபோ-குரூசர் என்று பட்டப்பெயரே உண்டு. வைத்தது எதிரி இல்லை, பக்கத்துக் கப்பல்களில் இருந்த அமெரிக்கர்கள்தான். அதன் தலைவர் வில்லியம் ராஜர்ஸ் எப்போது பார்த்தாலும் சண்டைக்கு அலைகிறார் என்பது அவர்கள் நினைப்பு.

ஜூலை 3. காலையில் ஈரானியப் படகுகள் தன் ஹெலிகாப்டரை நோக்கிச் சுட்டன என்று வின்சென்ஸ் அவற்றைத் துரத்துகிறது. துரத்தும் வேகத்தில் ஈரானின் கடல் எல்லைக்குள்ளேயே போய்விடுகிறது. பீரங்கிச் சண்டை நடக்கிறது. முன்பக்கப் பீரங்கி மக்கர் பண்ண, பின்பக்கப் பீரங்கியைத் திருப்புவதற்காகக் கப்பலை ஒடித்துத் திருப்புகிறார்கள். உள்ளே இருட்டான கட்டுப்பாட்டு அறையில் புத்தகங்களும் சாமான்களும் சரிந்து விழுகின்றன.

சரியாக அந்த நேரத்தில், ஈரான் நேரப்படி 10.17க்கு, பந்தர் அப்பாஸ் விமான நிலையத்திலிருந்து துபாய்க்குக் கிளம்புகிறது ஈரான் ஏர் 655. ஏர்பஸ் ஏ300 விமானம். 290 பேர். அதில் 66 பேர் குழந்தைகள். 10 பேர் இந்தியர்கள். அரை மணி நேரத்துக்குள் முடிகிற சின்னப் பயணம். 27 நிமிடம் தாமதம், அவ்வளவுதான் அதன் குற்றம்.

பந்தர் அப்பாஸ் பயணிகள் விமானமும் போர் விமானமும் பயன்படுத்துகிற நிலையம். ஷாவின் ஆட்சியில் அமெரிக்காவே ஈரானுக்கு விற்ற எஃப்-14 போர் விமானங்களும் அங்கே இருந்தன. கப்பலில் ஒருவர் "எஃப்-14" என்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு அறையில் வேறு எதுவும் யார் காதிலும் விழவில்லை. ஒருவர் பயணிகள் விமான அட்டவணையைப் புரட்டுகிறார், கண்ணில் படவில்லை. (கப்பல் கடிகாரத்துக்கும் ஈரான் கடிகாரத்துக்கும் அரை மணி வித்தியாசம் வேறு.) இது பயணிகள் விமானமாக இருக்கலாம் என்று ஒரு குரல் வந்தது. எடுபடவில்லை. வானொலியில் எச்சரிக்கைகள் போயின. ஆனால் பெரும்பாலானவை ராணுவ அலைவரிசையில், அது பயணிகள் விமானத்துக்குக் கேட்கவே கேட்காது. பொது அவசர அலைவரிசையில் போன சிலவற்றிலும் விமானி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும்படி எதுவும் இல்லை.

இப்போதுதான் முக்கியமான இடம். "விமானம் வேகம் கூட்டி, கீழே இறங்கி, நம்மை நோக்கி வருகிறது" என்று ராஜர்ஸுக்குச் சொல்கிறார்கள். தாக்க வருகிற விமானம் அப்படித்தான் வரும். அவர் அனுமதி கொடுக்கிறார். 10.24க்கு இரண்டு ஏவுகணைகள். கிளம்பி ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானம் இறங்கவே இல்லை. பயணிகள் விமானங்களுக்கான வான்பாதைக்குள், பயணிகள் விமானத்துக்கான சமிக்ஞையை அனுப்பிக்கொண்டு, மேலே ஏறிக்கொண்டிருந்தது. இது எப்படித் தெரியும்? ஏஜிஸ் கணினி நாடாவில் பதிவாகியிருந்தது! ஃபோகார்ட்டி என்ற அட்மிரல் தலைமையிலான அமெரிக்கக் கடற்படையின் சொந்த விசாரணையே இதை எழுதியது. கணினி சரியாகத்தான் சொன்னது. பார்த்த மனிதர்கள் உல்டாவாகப் படித்தார்கள். மன அழுத்தத்தில் தாங்கள் எதிர்பார்த்த கதைக்கு ஏற்றபடி தகவலைத் தங்களை அறியாமலே வளைத்துக்கொண்டார்கள் என்பது அறிக்கையின் முடிவு.

எல்லாம் மனிதன் தலையில் போட்டுவிடவும் முடியாது. நூறு கோடி டாலர் கப்பலின் பெரிய திரைகளில் விமானத்தின் உயரம் தெரியாது. சின்னத் திரையில் எண்களைப் பார்த்து, முந்தின எண்ணோடு ஒப்பிட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தலைக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும், அதுவும் பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது. இன்னொன்றும் உண்டு. முதலில் 655க்குக் கொடுத்த அடையாள எண்ணைப் பிறகு கணினி மாற்றிவிட்டது. பழைய எண் வேறெங்கோ இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர் விமானம் ஒன்றுக்குப் போய்விட்டது, மாலுமிகள் பழைய எண்ணைத் தட்டி அதன் உயரத்தைப் படித்திருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் கொஞ்ச தூரத்தில் சைட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பல் நின்றது. அதன் தலைவர் டேவிட் கார்ல்சன் அதே விமானத்தைப் பார்த்து, இதனால் ஆபத்தில்லை என்று முடிவு செய்தார். அவர் கப்பலில் ஏஜிஸ் கிடையாது! அவரே 1989இல் கடற்படைப் பத்திரிகை ஒன்றில் வின்சென்ஸின் போக்கைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஒரே கடல், ஒரே விமானம், இரண்டு மனிதர்கள். வித்தியாசம் எங்கே? ஒருவர் சண்டைக்குள் இருந்தார், அந்தச் சண்டைக்கு அவராகவே போயிருந்தார்.

பிறகு நடந்ததுதான் வெளியுறவுக் கொள்கை. அன்றே அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் அட்மிரல் க்ரோ பத்திரிகையாளர்களிடம், விமானம் வான்பாதைக்கு வெளியே இருந்தது, இறங்கி வந்தது என்றார். இரண்டும் தவறு. துணை அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) ஐ.நா. பாதுகாப்பு சபைக்கே போய் தற்காப்பு என்று வாதாடினார். கப்பல் ஈரானின் கடலுக்குள் இருந்தது என்பதை க்ரோ தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டபோது வருடம் 1992. யாரும் தண்டிக்கப்படவில்லை. ராஜர்ஸுக்கு அந்தக் கப்பலில் பணியாற்றிய காலத்துக்காகப் பதக்கம் கூடக் கிடைத்தது. இதே அமெரிக்கா, 1983இல் சோவியத் யூனியன் கொரிய விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்றபோது அதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றது.

ஈரான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் சமரசம். இறந்த ஈரானியர்களின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர். சம்பாதிக்கிறவர் என்றால் தலைக்கு 3 லட்சம் டாலர், சம்பாதிக்காதவர் என்றால் ஒன்றரை லட்சம். குழந்தைகள் பாதி விலை. பஸ் டிக்கெட் மாதிரி. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற எனக்கே இந்தக் கணக்கு வயிற்றைப் பிசைந்தது. இதிலும் வருத்தம்தான் தெரிவித்தார்கள், பொறுப்பை ஏற்கவில்லை.

கணினி தவறாகச் சொன்னால் மனிதன் திருத்துவானா? அதற்கும் பதில் இருக்கிறது. 2003 ஈராக் போரில் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, திரும்பி வந்துகொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று காட்டியது. இயக்கியவர்கள் நம்பிச் சுட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள். அது மார்ச் 23. அடுத்த நாளே ஒரு அமெரிக்க எஃப்-16, தன்னைக் குறிவைத்த ராடாரை எதிரியுடையது என்று நினைத்து அடித்தது. அடிபட்டது சொந்த பேட்ரியாட் ராடார். ஏப்ரல் 2 அன்று பேட்ரியாட் அமெரிக்காவின் சொந்த விமானத்தையே சுட்டு அதன் விமானியைக் கொன்றது. முடிவெடுக்கக் கிடைத்தது மிகக் குறைவான நேரம். 1988இல் கணினி சரி, மனிதன் தவறு. 2003இல் கணினி தவறு, மனிதன் தலையாட்டினான். இரண்டிலும் 'மனிதக் கட்டுப்பாடு' காகிதத்தில் கச்சிதமாக இருந்தது.

அமெரிக்காவை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு 176 பேரைக் கொன்றது ஈரானின் புரட்சிகரக் காவல்படை. சில மணி நேரம் முன்பு ஈராக்கில் உள்ள அமெரிக்கத் தளங்களை ஈரான் தாக்கியிருந்தது. பதிலடி வரும் என்று காத்திருந்தவர்கள் கண்ணுக்குப் பயணிகள் விமானம் எதிரியாகத் தெரிந்தது. இங்கேயும் இரண்டு ஏவுகணைகள், இங்கேயும் முதலில் மறுப்பு (மூன்று நாள்). 655க்காக ஒவ்வொரு ஜூலையிலும் கடலில் பூப்போடுகிற நாடு இது.

நம் நாட்டிலும் நடந்தது. பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், 2019 பிப்ரவரி 27 அன்று, பட்காமில் நம் விமானப்படை நம்முடைய எம்.ஐ.-17 ஹெலிகாப்டரையே சுட்டது. வீரர்கள் 6 பேர், தரையில் நின்ற பொதுமக்களில் ஒருவர். நம் ஏவுகணைதான் என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில், தேர்தலெல்லாம் முடிந்த பிறகு.

உடனே சிலர் பெட்ரோவ் பெயரைச் சொல்வார்கள். 1983இல் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கணினி காட்டியும் நம்பாமல், பொய் எச்சரிக்கை என்று சொன்ன சோவியத் அதிகாரி. உண்மைதான், பெரிய மனிதர். ஆனால் அவர் ஒரு பொறியாளர். அந்த அமைப்பு புதிது, நம்ப முடியாதது என்று அவருக்குத் தெரியும். போர் தொடங்குகிறவன் ஐந்தே ஏவுகணையோடு தொடங்க மாட்டான் என்று யோசிக்கவும் தெரிந்தது. அன்றைக்கு வேறு யார் டியூட்டியில் இருந்திருப்பார் என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

இப்போது கணக்குப் பாடம். ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித்தருவது, எழுதுகிறவர் வேறு, சரிபார்க்கிறவர் வேறாக இருக்க வேண்டும் என்பது. ஆனால் எழுதியவர் கொடுத்த அதே தாளை மட்டும் பார்த்து, சாயங்காலத்துக்குள் முந்நூறு வவுச்சரில் கையெழுத்துப் போடச் சொன்னால், அது சரிபார்ப்பா? கையெழுத்து இருக்கும், சரிபார்ப்பு இருக்காது. நாளை மோசடி வெளியே வந்தால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். ஏ.ஐ. ஆயுதத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்படும் மனிதனின் வேலையும் இதுவாகத்தான் ஆகும் என்பது என் சந்தேகம். இலக்கைத் தேர்ந்தெடுப்பது மெஷின், ஆதாரம் காட்டுவதும் அதே மெஷின். மெஷின் வேகமாக ஆக ஆக மனிதனுக்குக் கிடைக்கும் நேரம் ஏழு நிமிடத்திலிருந்து வினாடிகளுக்கு இறங்கும். வேகத்துக்காகத்தானே அதை வாங்குகிறார்கள்!

அதனால் பட்டனை யார் அழுத்துவது என்பதைவிட, கப்பலை அங்கே யார் அனுப்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள், தவறு நடந்தால் எத்தனை வருடம் கழித்து ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதை எந்த ஒப்பந்தமும் தொடுவதில்லை. 2012இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க பாதுகாப்புத் துறையின் உத்தரவு, 'பொருத்தமான அளவில்' மனிதத் தீர்மானம் வேண்டும் என்கிறது. எது பொருத்தம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதம் பற்றிய முடிவு மனிதர் கையிலேயே இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். நல்லது. மற்ற ஆயுதங்களைப் பற்றி அதில் பேச்சில்லை.

2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்களால் வரும் ஆபத்தைப் பற்றி எல்லா நாடுகளின் கருத்தையும் கேட்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தடை செய்யக்கூடச் சொல்லவில்லை, கருத்துதான் கேட்டார்கள். 152 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா உட்பட. எதிர்த்தவை நான்கே நான்கு: பெலாரஸ், மாலி, ரஷ்யா, பிறகு இந்தியா. இந்தப் பேச்சு ஜெனிவாவில் ஏற்கனவே நடக்கிறது, அங்கேயே நடக்கட்டும் என்பது நம் தரப்பு நியாயம். ஜெனிவாவில் ஒரு நாடு வேண்டாமென்றாலும் முடிவு எடுக்க முடியாது. 2014இலிருந்து அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.